எமெலினின் தகப்பன்

மல்வேர்ன், ஸ்காபரோ
2024 பெப்ரவரி 11

தம்பி ராகுலன்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவைப் பற்றி நீ கேட்டிருந்தது இரண்டே வரி. மிச்சம் முழுக்கத் தொள்ளாயிரம் வருசத்துக்கு முன்னம் செத்துப்போன சாமியார்களின் கதை. எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. அந்த மடத்து ஆட்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று பிரான்சுக்குப் போனாய். போன இடத்தில் நீயும் அந்த ஆட்களில் ஒருவனாகிவிட்டாய்.

அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் முடிந்துவிட்டது. இப்போது கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ். நான் பல் கிளினிக்கில் பின்னேர ஷிப்டுக்கு மாறிக்கொண்டு காலையில் அவரைக் கூட்டிப் போகிறேன். தன்னுடைய இரத்தம் குழாயால் போய்வருவதை அவர் பார்ப்பதில்லை. சுவரைப் பார்த்தபடி கிடப்பார். போன புதன்கிழமை உன் கடிதத்தை அங்கே வைத்துத்தான் வாசித்தேன்.

"என்ன பிள்ளை உது?" என்று கேட்டார்.

உன் பெயரைச் சொல்லப் பயமாக இருந்தது. அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் உன் பெயரைச் சொல்வதில்லை. கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் கறுப்பு அங்கியோடு வந்து நின்றாய். "உதைக் கழட்டிப்போட்டு வேட்டியைக் கட்டு" என்றார். நீ கழற்றவில்லை. அவரே எல்லாம் செய்தார். அதை நான் இன்றைக்கு விசாரிக்க வரவில்லை.

"ஒரு பழைய மடத்தின்ர கதை அப்பா. ஒரு சிநேகிதி அனுப்பினவள்."

"வாசி பாப்பம்."

மடாதிபதி ஒடோவின் கதையை வாசித்தேன். மற்றத் துறவிகள் எல்லாரும் சேர்ந்து அவனைத் தலைவனாகத் தெரிவு செய்ய, அவன் பயந்துபோய் மடத்து மா அரைக்கும் ஆலைக்குள் ஒளிந்ததும், மாப் படிந்த வெள்ளைத் தலையோடு அவனை இழுத்து வந்து ஆசனத்தில் இருத்தியதும். அப்பா சிரித்தார், ராகுலன். கை ஆடி, இயந்திரம் கத்தி, அன்ட்ரூ என்ற நேர்ஸ் ஓடி வந்தான்.

"பதவி எண்டால் ஆளை ஆள் மிதிச்சுக்கொண்டு ஓடுவினம். உவன் மற்றப் பக்கம் ஓடியிருக்கிறான்" என்றார். பிறகு, "வேறை ஆக்கள் இல்லையோ?"

ஆகவே எழுது. அந்த ஆட்களைப் பற்றி ஒரு தாளில் எழுது, உன் கதைகளை வேறு தாளில் எழுது. வாசிக்கும்போது எனக்குத் தடக்கக்கூடாது. வீட்டுக்குப் போன் எடுக்காதே. கிட்னிதான் போனது, காது நல்லாய்க் கேட்கும்.

நிரூபா அக்கா


ஒபெர்வால் மடம், பிரான்ஸ்
மார்ச் 4

அக்கா,

உங்கள் கோபம் நியாயம். அப்பாவை நினைக்காத நாளில்லை என்று எழுதத் தொடங்கினேன், வெட்டிவிட்டேன். நினைக்காத நாட்களும் இருந்தன. நினைத்த நாட்களில் வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

நான் இங்கே நோயாளர் பகுதியைப் பார்க்கிறேன். மடத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் தாங்களாக எழும்ப முடியாத வயோதிபர்கள். அவர்களைக் குளிப்பாட்டுவது, தூக்கி இருத்துவது, உணவூட்டுவது எல்லாம் என் வேலை. டயலிசிஸ் என்றால் என்ன, அது ஆளை எப்படிச் சக்கையாக்கும் என்று எனக்குத் தெரியும். மடாதிபதியிடம் கேட்டேன். "போங்கள், தேவையானவரை நில்லுங்கள்" என்றார். இங்கே தடை ஒன்றும் இல்லை. அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

மற்றத் தாளில் செர்வே என்ற துறவி பாலம் கட்டிய கதை இருக்கிறது. முதல் பாலத்தை வெள்ளம் வைன் வண்டிகளோடு சேர்த்துக் கொண்டுபோனது. இரண்டாவதையும் கொண்டுபோனது. ஆற்றுக்குள் பேய் இருக்கிறதென்று ஊர் பயந்தது. மூன்றாவது பாலத்தில் நான் நேற்று நடந்தேன். அப்பா ஊரில் ரோட்டு, பாலம் கட்டுவிக்கிற ஓவசியராக இருந்தவர், பிடிக்கும் என்று நினைத்தேன்.

ராகுலன்


மல்வேர்ன்
ஏப்ரல் 14

தம்பி,

பாலம் அவருக்கு நல்லாய்ப் பிடித்தது. "பேயுமில்லைப் பிசாசுமில்லை, அத்திவாரம் பிழை. தூணைத் தண்ணி வாற பக்கம் கூராய் வைச்சிருக்க வேணும்" என்று டிஷ்யூப் பெட்டியின் மேல் படம் கீறிக் காட்டினார். மூன்றாவது பாலத்தின் தூண் எப்படி என்று உன்னிடம் கேட்கட்டாம். உன்னிடம் என்று சொல்லவில்லை. "அந்தப் பிள்ளையிட்டைக் கேள்" என்றார்.

அந்த நல்ல முகத்தைப் பார்த்து எனக்குத் துணிவு வந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அப்பா, தம்பி வர விரும்புறான்."

"ஆர்?"

"ராகுலன்."

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை. "அவன் இந்த வாசலுக்கு வந்தால், அதுக்குப் பிறகு நான் மெசினுக்குப் போகமாட்டன். சொல்லிப்போடு."

வெருட்டுகிறார் என்று நினைக்காதே. அவர் சொன்னால் செய்வார், உனக்கும் தெரியும். மெசினுக்குப் போகாவிட்டால் எவ்வளவு காலம் இருப்பார் என்பதும் உனக்குத் தெரியும். நீ வந்தால் உன்னால் செத்தார் என்றாகும். வராவிட்டால் உன்னைக் காணாமல் சாவார். இதில் நான் எதைத் தெரிவு செய்வது? என்னை ஏன் இரண்டு பேரும் நடுவில் நிறுத்தியிருக்கிறீர்கள்?

இன்னொன்று. அங்கே ஊர் பேர் தெரியாத கிழவர்களுக்குக் குளிப்பு வார்க்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். இங்கே உன் அப்பாவைக் குளியலறைக்குத் தூக்கிப் போக என் இடுப்பு விடுகிறதில்லை. துவாரகா பள்ளிக்கூடத்தால் வந்து பிடிக்கிறாள். பேத்தி பிடிப்பது அவருக்கு வெட்கம். கண்ணை மூடிக்கொள்கிறார். இதை வாசித்து நீ வருத்தப்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நிரூபா


ஒபெர்வால்
மே 9

அக்கா,

வருத்தப்பட்டேன். பதில் எழுதப் பிந்தியதற்குக் காரணம் அது மட்டுமில்லை. நான் பார்க்கிற வயோதிபர்களில் ஒருவரான பிரதர் மாக்கஸ் போய்விட்டார். நான் பாதம் கழுவிக்கொண்டு இருந்தபோதே மூச்சு நின்றது. கழுவி முடித்தேன். இடையில் விட மனம் வரவில்லை. அந்தக் காலைப் பிடித்தபடி நான் யாருடைய காலை நினைத்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வரமாட்டேன். அப்பா டயலிசிஸை விடுவதற்கு நான் காரணமாகக்கூடாது. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த முடிவை மாற்றி மாற்றி எடுக்கிறேன் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

செர்வேயின் தூண் கூர்தான். அப்பா சொன்னது சரி என்று சொல்லுங்கள்.

இந்த முறை எமெலினின் கதை. அவள் துறவியாக இந்த மடத்தில் சேர்ந்தவளல்ல, ஆனால் ஒபெர்வாலின் பெயர்பெற்றவர்களில் முதலில் சொல்லப்படுபவள் அவள். கம்பளி வியாபாரி ஒருவனின் ஒரே மகள். கல்யாணம் பேசி முடித்திருந்தபோது, கோயில் சுவரோடு ஒட்டிய சின்ன அறைக்குள் தன்னை வைத்துக் கட்டிவிடச் சொல்லிக் கேட்டாள். சாகும்வரை வெளியே வருவதில்லை என்பது அவள் கடவுளுக்கு வைத்த நேர்த்தி. வாசலைக் கல்லால் அடைத்தார்கள். சாப்பாடு கொடுக்கத் தெருப்பக்கம் ஒரு ஜன்னல். தகப்பன் நாள்தோறும் அந்த ஜன்னலுக்கு வந்து ஊரே கேட்கத் திட்டுவான். அவள் ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை, ஜன்னலை மூடினதும் இல்லை. ஒரு பனிக்காலத்தில் அவன் நோயில் விழுந்தான், வரவில்லை. நாட்டரசன் கூடப் பிற்காலத்தில் அவளிடம் ஆலோசனை கேட்டு வந்து நின்றிருக்கிறான். அவ்வளவு பெயர் அவளுக்கு.

இதை அப்பாவுக்கு வாசிக்கலாமா என்று நீங்களே யோசியுங்கள்.

ராகுலன்


மல்வேர்ன்
யூலை 7

தம்பி,

யோசித்தேன், வாசிக்கவேண்டாம் என்று. ஒரு மாதமாக வேறு கதை சொல்லிச் சமாளித்தேன். அவர் விட்டால்தானே. "புதுசாய் ஒண்டும் வரேல்லையோ?" என்று மெசினில் ஏறும் ஒவ்வொரு நாளும் கேட்கிறார். கடைசியில் வாசித்தேன்.

சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், ஷெப்பர்ட் வீதியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டார்.

"தகப்பன் சாகேக்க அவள் வெளியிலை வந்தவளோ?"

"அதைப் பற்றி எழுதேல்லை அப்பா."

"கேட்டு எழுது."

அடுத்த முறையும் அதையே கேட்டார். அதற்கடுத்த முறையும். அவருக்கு இப்போது மெசினில் பாதி நேரத்தில் பிரஷர் விழுந்துவிடுகிறது. கண் மேலே சொருகும், கால் பிடித்து இழுக்கும், அன்ட்ரூ கட்டிலைச் சரித்துத் தலையைக் கீழே விடுவான். திரும்ப நினைவு வந்ததும் தண்ணி கேட்பார். அளவுக்கு மேல் கொடுக்கக்கூடாது. ஒரு ஐஸ் கட்டியை நாக்கில் வைப்பேன். அதைச் சூப்பிக்கொண்டு, "அந்தப் பிள்ளை எழுதினவளோ?" என்பார்.

ராகுலன், உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். அவள் வந்தாள் என்று எழுது. கல்லை உடைத்துக்கொண்டு வந்தாள், தகப்பன் மன்னித்தான் என்று எழுது. தொள்ளாயிரம் வருசம் கழித்து யார் வந்து உன்னை மறிக்கப் போகிறார்கள்? அவர் அந்தப் பதிலைத்தான் கேட்கிறார் என்று உனக்கு விளங்கவில்லையா? அதைக் கேட்டால் உன்னை வரச் சொல்லுவார். எனக்குத் தெரியும்.

அக்கா


ஒபெர்வால்
யூலை 29

அக்கா,

எல்லாவற்றையும் திரும்பத் தேடினேன். பாரிசில் இருக்கும் ஆட்களுக்கும் எழுதிக் கேட்டேன். தகப்பன் நோயில் விழுந்தது வரை இருக்கிறது, அதற்கப்பால் அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவள் போனாளா, போகாமல் இருந்தாளா, தெரியாது.

தெரியாததை நான் எப்படி எழுத? பிடிவாதம் என்று நினைப்பீர்கள். பாலத்துத் தூணை விட்டால், அப்பா என்னிடம் கேட்டிருக்கும் ஒரே கேள்வி இது. அதற்கு ஒரு பொய்யைக் கொடுத்து, அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் நுழைய என்னால் ஏலாது. என்னை மன்னியுங்கள் என்று கேட்கவும் எனக்கு வாயில்லை.

ராகுலன்


மல்வேர்ன்
செப்ரெம்பர் 22

தம்பி,

அப்பா மெசினை விட்ட விசயத்தை மட்டும் போனில் சொல்லி வைத்துவிட்டேன், மேலே பேச முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நீ எழுத மாட்டேன் என்றதும் நானே செய்தேன். உன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தேன். எமெலின் கல்லை இடித்துக்கொண்டு வந்தாள், பனிக்குள் வெறுங்காலோடு ஓடினாள், தகப்பனின் கட்டிலடியில் இருந்தாள், அவர் அவளுடைய தலையைத் தடவினார் என்று. அப்பா கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"உது அவன் எழுதினதில்லை" என்றார்.

"ஆர் அப்பா?"

"உன்ர தம்பி. அவன் உப்பிடி எழுதான். சின்னனிலை என்ர மணிக்கூட்டை உடைச்சுப்போட்டு, அடி விழும் எண்டு தெரிஞ்சும் தானே வந்து சொன்னவன். தெரியாது எண்டுதான் எழுதியிருப்பான்."

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"முதல் நாளே. உனக்கு எங்கையிருந்து பிள்ளை உப்பிடி ஒரு சிநேகிதி? பையுக்குள்ளை இருந்த மற்றத் தாளுகளையும் வாசிச்சனான்."

நான் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அப்ப அவன் வரட்டோ என்று கேட்டேன்.

"அவள் வெளியிலை வந்திருந்தால் தகப்பன் சந்தோசப்பட்டிருப்பான் எண்டு நினைக்கிறியோ? வெக்கப்பட்டிருப்பான். திட்டித் திட்டிப் பிள்ளையின்ர நேர்த்தியை முறிச்சுப்போட்டன் எண்டு."

அடுத்த கிழமை டொக்டரிடம் தானே சொன்னார், மெசின் போதும் என்று. உன்னாலும் இல்லை, என்னாலும் இல்லை, உடம்பு ஏலாது என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். டொக்டர் நல்ல மனுசி. அவருக்கு விளக்கினாள், திரும்பத் திரும்பக் கேட்டாள், கடைசியில் அது அவருடைய உரிமை என்றாள். எனக்கு அதில் என்ன உரிமை என்று ஒருவரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கடைசித் தடவை மெசினில் இருந்தார். இறங்கும்போது அன்ட்ரூவின் கையைப் பிடித்துத் தாங்க்ஸ் சொன்னார். வரவேற்பறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருக்கிறோம்.

இனித்தான் நீ அவசரப்படாமல் ஆறுதலாக வாசிக்க வேண்டியது. தம்பியைக் கூப்பிடுறன் என்றேன். "கூப்பிடு" என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு சொன்னார்:

"ஆனால் எனக்கு அறிவிருக்குமட்டும் உள்ளுக்கு விடாதை. அறிவு போன பிறகு வரட்டும். கழுவத் துடைக்க அவனுக்குத் தெரியும், செய்யட்டும். அவன் என்னைப் பாக்கலாம். நான் அவனை என்ன முகத்தோடை பாக்கிறது?"

கெஞ்சினேன். துவாரகா கெஞ்சினாள். மாற்றவில்லை. அதே நேரத்தில், செத்தவீட்டில் எல்லாக் கடமையும் நிரூபாதான் செய்ய வேண்டும், அவனை ஒருத்தரும் வற்புறுத்தக்கூடாது என்றும் சொன்னார். அது உனக்குத் தண்டனையோ சலுகையோ எனக்கு விளங்கவில்லை.

இதை நீ கண்டதும் புறப்படு. போனில் சொன்னதைக் கேட்டு ஏற்கெனவே புறப்பட்டிருந்தால், இது உன்னைத் தேடி அங்கே போய்க் கிடக்கட்டும். அதனால் ஒரு படி எடுத்து வைத்திருக்கிறேன், கையில் தருவேன்.

அக்கா


அஜின்கோர்ட், ஸ்காபரோ
செப்ரெம்பர் 26

அக்கா,

விமான நிலையத்தில் நீங்கள் தந்த படியை இங்கே வந்துதான் வாசித்தேன். பங்குக்கோயிலில் மேல்மாடி அறை ஒன்று தந்திருக்கிறார்கள். ஜன்னலால் பார்த்தால் தமிழ்க் கடையும், பலசரக்குப் பைகளோடு பஸ்ஸுக்கு நிற்கிற சனமும். எல்லாரும் என் அப்பா போலவே நிற்கிறார்கள்.

போனை மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்த்தபடி இருக்கிறேன். அது அடித்தால் அப்பாவுக்கு அறிவு போய்விட்டது. அடிக்காவிட்டால் நான் அவரைக் காண முடியாது. செபிக்கத் தெரிந்தவன் என்று உலகம் நினைக்கிற ஆள் நான். எதற்காகச் செபிப்பது என்று தெரியாமல் முழங்காலில் நிற்கிறேன்.

நேற்று பஸ் எடுத்து உங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் வரை வந்தேன். வரவேற்பறைத் திரை பாதி திறந்திருந்தது. கட்டிலின் கால்மாடு தெரிந்தது, போர்வையும் தெரிந்தது. அதற்கு மேல் பார்க்கக்கூடாது என்று திரும்பிவிட்டேன். அவர் கேட்டது அது ஒன்றுதான். அவர் விழித்திருக்கிறார் என்ற சந்தோசமும், விழித்திருக்கிறாரே என்ற எண்ணமும் ஒன்றாக வந்தன. இரண்டாவதை நினைத்து என்னை எனக்கே பிடிக்கவில்லை.

சோறு கொண்டுவந்த துவாரகாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அப்பாவுக்கு ஏதாவது சொல்லலாம் என்றால், ஒன்றும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்தானே?

ராகுலன்


மல்வேர்ன்
செப்ரெம்பர் 30

தம்பி,

காலமை தொடக்கம் கூப்பிட்டால் கண் திறக்கிறாரில்லை. வீட்டுக்கு வருகிற நேர்ஸ் றெஜினா பார்த்துவிட்டு, இனி விழிக்கமாட்டார் என்கிறாள். போனில் சொல்ல வாய் வரவில்லை. துவாரகா இதைக் கொண்டுவருகிறாள், காரில் அவளோடு வா. அங்கியைப் பற்றி யோசிக்காதே, நிற்கிறபடி வா.

அக்கா


ஒபெர்வால்
நவம்பர் 17

அக்கா,

அப்பாவின் காரியம் எல்லாம் முடிந்து நான் புறப்படும்போது கேட்டீர்கள், நான் வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் நீங்கள் மேலே போய்ப் படுத்திருந்த நேரத்தில் அப்பா ஏதாவது பேசினவரோ என்று. இல்லை என்றேன். பேசினார். அப்போது சொல்ல முடியவில்லை.

அங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, சேட்டுக் கையை மடித்துக்கொண்டு அவருடைய கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பின் மேல் துணியை வைத்தபோது கண் திறந்தார். றெஜினா பிழையாகக் கணித்துவிட்டாள். அப்படி நடப்பதுண்டு, நான் பார்த்திருக்கிறேன்.

"ஆர்?" என்றார்.

அறிவிருக்கும் வரை வராதே என்றவர். நான் பெயரைச் சொன்னால் அவர் என்னிடம் கேட்டுக்கொண்ட அந்த ஒன்றையும் முறிப்பேன். ஓடிப்போகவும் முடியாது, அவருடைய கை என் கையில் இருந்தது.

"நேர்ஸ்" என்றேன்.

"றெஜினா எங்கை?"

"அவ நாளைக்கு வருவா."

"நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"ஊரிலை எந்த இடம்?"

அந்தக் கேள்விக்கு என்னால் வேறு பதில் சொல்ல முடியவில்லை. "சுழிபுரம்" என்றேன்.

"அப்ப எங்கடை ஆள்" என்றார். அவருடைய பார்வை என் முகத்தில்தான் இருந்தது. அதில் எவ்வளவு தெரிந்தது, எவ்வளவு தெரியவில்லை என்று கண்டுபிடிக்க நான் செய்யாத முயற்சி இல்லை. பிறகு தண்ணி கேட்டார். இனி அளவில்லைத்தானே. தலையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு கரண்டியால் கொடுத்தேன். சின்னக் கோப்பை முழுவதும் குடித்தார். ஒவ்வொரு கரண்டிக்கும், "உங்களுக்குக் கரைச்சல்" என்று வருந்தினார். என் அப்பா என்னை ஒரு அந்நியரைப் போல் "உங்களுக்கு" என்று சொல்ல, நான் "கரைச்சலில்லை அங்கிள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோப்பை முடிந்தது. தலையணையில் படுக்க வைத்தேன். எழும்பப் போனேன்.

"போதும்" என்றார். "நீ இரு."

களைப்பில் வாய் தவறி வந்த 'நீ'யோ, தெரிந்து சொன்ன 'நீ'யோ, அக்கா, எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவு வரவில்லை. கண் மூடிவிட்டது. கதிரையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

ராகுலன்